பதினோரு புள்ளிகள்

எதிர்வீட்டு மாமா போன வருஷம் மண்ணூர்பேட்டை வீட்டைக் காலி செய்தார். பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடுவதாக முடிவு. சாமான்களை ஒழிப்பதற்கே இரண்டு மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டு, பழைய பிஸ்கெட் டின் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"கம்ப்யூட்டர் பொட்டி பிரிச்சு மேயறவன் நீதான். வேற யாருகிட்ட குடுத்தாலும் பழைய இரும்புக்குப் போட்டுருவான்."

டின்னுக்குள் துண்டில் சுற்றிய ஒரு கேமரா. ஒலிம்பஸ் பென் எஃப். முகப்பில் பழைய ஜெர்மானிய எழுத்து வடிவில் எஃப் என்ற எழுத்து. உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு, ஆனால் தூக்கினால் கனம். லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு வளையம் ஒன்று திருகப்பட்டிருந்தது. உள்ளே ஒரு துண்டு கண்ணாடிகூடக் கிடையாது.

"லென்ஸ் எங்க மாமா?"

"அதுக்கு லென்ஸ் கிடையாது. லென்ஸ் பேஷன்ட் வயித்துக்குள்ள இருக்கும்."

மாமா ஒரு அரசு மருத்துவமனையில் போட்டோ செக்‌ஷனில் வேலை பார்த்தவர். கல்யாண வீட்டுப் படமும் எடுப்பார் என்பதுதான் எங்கள் தெருவுக்குத் தெரிந்த விஷயம். ஆபீஸில் அவர் எடுத்தது தோல் வியாதிகள், அறுவை சிகிச்சைகள், மாணவர்களுக்கான ஸ்லைடுகள். வாரத்தில் இரண்டு நாள் காலையில், வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கிற அறையில் இந்தக் கேமராவோடு நின்றிருக்கிறார். வீடியோ வந்ததும் இதைக் கண்டம் செய்து ஏலத்துக்குப் போட்டார்கள். மாமாவே எடுத்துக்கொண்டார்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை செய்கிறேன். அப்பா லேத் ஓட்டிய பட்டறைகள் இருந்த அதே எஸ்டேட். கண்ணாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில் உட்கார்ந்துகொண்டு, சாப்பாட்டு இடைவேளைகளில் இந்தக் கேமராவைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அது என்னை எங்கள் வீட்டுச் சமையலறைக்குத் திருப்பிக் கொண்டுவந்து விடும் என்று அப்போது தெரியாது.

*

பென் வரிசையை வடிவமைத்தவர் யோஷிஹிசா மைதானி. 1959இல் முதல் பென் வந்தது. 6000 யென்னுக்கு விற்கக்கூடிய, பேனா மாதிரி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய கேமரா என்பதுதான் நோக்கம். வழி எளிமையானது. சாதாரண 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படம் 24-க்கு 36 மி.மீ. இடத்தை எடுத்துக்கொள்ளும். அதைப் பாதியாக்கி 18-க்கு 24 ஆக்கினால், 36 படம் எடுக்கும் சுருளில் 72 படம் எடுக்கலாம். ஃபிலிம் விலை கொடுத்து வாங்குகிறவனுக்கு இது சிறிய விஷயமில்லை. ஹாஃப் ஃப்ரேம் என்பது இதுதான்.

1963இல் மைதானி அதே பாதி அளவில் ஒரு எஸ்.எல்.ஆர். செய்தார். லென்ஸ் வழியாக வருவதையே கண்ணால் பார்த்துப் படமெடுக்கும் வகை. அத்தகைய கேமராக்களின் தலையில் ஒரு கூம்பு இருக்கும், பிம்பத்தை நேராக்கும் பட்டகத்துக்காக. பென் எஃப்-இல் அது கிடையாது. உள்ளிருக்கும் ஆடி மேலே எழும்பாமல் கதவு மாதிரிப் பக்கவாட்டில் திறக்கும். வெளிச்சம் இடப்பக்கம் திரும்பி, இரண்டு மூன்று முறை முட்டி, கண்ணுக்கு வரும். ஷட்டர் துணித்திரை இல்லை. டைட்டானியத் தகட்டில் வெட்டிய வட்டு, ஒரு சுற்றுச் சுற்றும். இந்த வட்டினால் 500-இல் ஒரு பங்கு வினாடி வரை எல்லா வேகத்திலும் ஃப்ளாஷ் சரியாக ஒத்துப்போகும். ஒரு எஞ்சினியராக அதன் அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

கேமராவைச் சாதாரணமாகப் பிடித்தால் இதில் படம் நின்ற வாக்கில் விழும். பார்வைத் துளையில் கண்ணை வைத்தால் கதவிடுக்கு வழியாகப் பார்க்கிற மாதிரி.

மருத்துவத்துக்கு இது ஏன் பொருந்தியது என்றால், எண்டோஸ்கோப் காட்டும் பிம்பம் ஒரு சின்ன வட்டம். அந்த வட்டத்துக்கு முழு ஃப்ரேமும் வேண்டியதில்லை, ஓரமெல்லாம் கறுப்பாக வீணாகும். பாதியே தாராளம். கேமரா லேசாக இருந்தால் டாக்டரின் கையும் வலிக்காது.

ஒலிம்பஸுக்கு வயிறு புதிதும் இல்லை. ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய் அதிகம். டோக்கியோவில் உஜி தாட்சுரோ என்ற அறுவை மருத்துவரும், ஒலிம்பஸின் சுகியுரா முட்சுவோ என்ற எஞ்சினியரும் சேர்ந்து 1950இல் காஸ்ட்ரோ கேமராவைச் செய்தார்கள். மெல்லிய ஃபிலிம், துளியூண்டு பல்பு, லென்ஸ் எல்லாவற்றையும் குழாயின் நுனியில் வைத்து விழுங்க வைப்பது. இதில் டாக்டருக்கு உள்ளே எதுவும் தெரியாது. அறையை இருட்டாக்கி, பல்பு எரியும்போது நோயாளியின் வயிற்றுத் தோல் வழியே தெரியும் வெளிச்சத்தை வைத்து, கேமரா எங்கே இருக்கிறது என்று ஊகிப்பார். படத்தைக் கழுவிப் பார்த்த பிறகுதான் கிடைத்தது என்ன என்று தெரியும்.

கண்ணால் பார்ப்பது கண்ணாடி இழையால் சாத்தியமானது. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் அவருடைய ஆசிரியர் ஹரால்ட் ஹாப்கின்ஸும் இழைக்கற்றை வழியாகப் பிம்பத்தைக் கடத்துவதைப் பற்றி 1954இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மூன்று வருஷம் கழித்து, மிச்சிகனில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் அத்தகைய குழாயை முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். பிறகுதான் நோயாளிக்கு. ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள். ஒவ்வொன்றும் பிம்பத்தின் ஒரு புள்ளியைத் தூக்கிக்கொண்டு வரும். இந்தப் பக்கத்து முனையில் எந்த வரிசையில் இருக்கிறதோ, அந்தப் பக்கத்து முனையிலும் அதே வரிசையில் இருக்க வேண்டும். என் தொழிலில் சொன்னால், ஒவ்வொரு இழையும் ஒரு பிக்ஸல்.

*

எங்கள் வீட்டில் அப்பாவுடைய மஞ்சள் துணிப்பை ஒன்று உண்டு. ரேஷன் கார்டு நகல், பி.எஃப். காகிதங்கள், ஆஸ்பத்திரிச் சீட்டுகள். அவர் 2017இல் மாரடைப்பில் போன பிறகு, இன்ஷூரன்ஸுக்காக நான் அதைக் கொட்டித் தேடியிருக்கிறேன். அப்போது அதில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கையில் பட்டது. கறுப்புப் பின்னணியில் சாம்பல் நிற வட்டம், வட்டத்துக்குள் சேறு காய்ந்த மாதிரி மடிப்புகள், அங்கங்கே கறுப்புப் புள்ளிகள். அது என்ன என்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். அப்பாவின் அல்சர்.

1987. அம்மா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம். அம்மாவுக்கு ஊர் ஊத்துக்கோட்டை. ஆந்திர எல்லை. காரம் கை தாராளம். அப்பாவுக்கு ஏற்கெனவே வயிற்றுவலி இருந்திருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, எதையாவது சாப்பிட்டால் அடங்கும். அந்த வருஷம் அது தாங்க முடியாமல் போய், எதிர்வீட்டு மாமா சிபாரிசில் அவர் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போய்க் குழாய் விட்டுப் பார்த்தார்கள். முன்சிறுகுடலில் புண். டாக்டர் சொன்னது மூன்று: காரம் ஆகாது, நேரத்துக்குச் சாப்பிடணும், டென்ஷன் கூடாது. சிகரெட்டை நிறுத்தச் சொன்னதையும் சேர்த்தால் நான்கு. அதை மட்டும் அப்பா வீட்டில் சொல்லவில்லை.

மாமா பக்கத்து வீட்டுக்காரருக்கான உபகாரமாக, அந்தச் சுருளிலிருந்து ஒரு படத்தைத் தன் வீட்டுக் குளியலறையில் பிரின்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். ஊட்டி ஹெச்.பி.எஃப். ஆலையின் 'இந்து' பேப்பரில் போட்டதாம். மத்திய அரசு 1960இல் தொடங்கிய அந்த ஆலையிலிருந்து எக்ஸ்ரே ஃபிலிமும் கறுப்பு வெள்ளைத் தாளும் நாடு முழுக்கப் போய்க்கொண்டிருந்த காலம். இப்போது அந்த ஆலையும் இல்லை.

படத்தை அப்பாவின் அம்மா, என் ஆயா, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கறுப்புப் புள்ளிகளை விரலால் எண்ணினாள். மருமகளைக் கூப்பிட்டாள்.

"பாரு. உன் மொளகா எறங்கின எடம் எல்லாம் பொசுங்கிக் கெடக்குது பாரு. பதினோரு ஓட்டை."

இதை அம்மா எனக்குச் சொன்னது ஒரே ஒரு தடவைதான், ஆயா செத்த பதினாறாம் நாள் ராத்திரி. கோபமாகச் சொல்லவில்லை. பால் கணக்குச் சொல்கிற குரலில் சொன்னாள். அதற்கு அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அவரு என்ன சொல்வாரு. ஒண்ணும் சொல்லல."

எனக்குத் தெரிந்த அப்பா அம்மாவைக் குறை சொன்னதே கிடையாது. உன்னால் இல்லை என்று சொன்னதும் கிடையாது. எங்கள் அடுப்பில் எப்போதும் இரண்டு சட்டிகள். ஒன்றில் எங்களுக்குக் குழம்பு, ஒன்றில் அப்பாவுக்கு மிளகாய் போடாத கூட்டு. ஊறுகாய் ஜாடி அப்பா கண்ணில் படாத அலமாரியில். ஜெலுசில் பாட்டில் சாமி படத்துக்குக் கீழே. அம்மா எங்களுக்கு வைக்கிற குழம்பிலும் வருஷா வருஷம் காரம் குறைந்துகொண்டே வந்தது.

1999இல் வேறொரு டாக்டர் மூன்று வகை மாத்திரையைப் பதினான்கு நாளுக்கு எழுதிக் கொடுத்தார். அப்பா சாப்பிட்டார். வலி போயிற்று. அதற்குப் பிறகு வரவேயில்லை. ஏன் போயிற்று என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பத்தியத்தினால்தான் குணமானது என்று நினைத்துக்கொண்டார். ஆகவே பத்தியம் தொடர்ந்தது.

*

கேமராவைப் பற்றிப் படிக்கப் போய்த்தான், அந்தக் கேமரா எதைப் படமெடுத்தது என்று படிக்க ஆரம்பித்தேன். தென்னிந்தியாவின் குடல்புண் மருத்துவ உலகத்தில் ரொம்ப காலமாகப் பேசப்பட்ட விஷயம் என்று தெரிந்தது. ஹோவர்ட் சாமர்வெல் என்று ஒருவர். 1922இல் எவரெஸ்ட் ஏறும் குழுவோடு வந்தவர், பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் போய், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்து அங்கேயே தங்க முடிவெடுத்தார். அன்றைக்குத் திருவிதாங்கூர், இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டம். குடல்புண்ணுக்காக அவர் அறுத்த வயிறுகள் ஏராளம். பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யிலும் வேலை செய்தார். 1924இல் மறுபடி எவரெஸ்டுக்குப் போனபோது, கடைசி ஏற்றத்துக்குக் கிளம்பிய மேலரிக்குத் தன் சட்டைப்பைக் கோடாக் கேமராவைக் கொடுத்தவர் இவர்தான். மேலரியின் உடல் 1999இல் கிடைத்தது. கேமரா கிடைக்கவில்லை. மலையேறிகள் இன்றும் அதைத் தேடுகிறார்கள், உச்சியைத் தொட்டார்களா என்பதற்கு அந்தச் சுருளில் சாட்சி இருக்கலாம் என்று.

குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்கு வெவ்வேறு வட்டாரத்து ஜனங்களின் சாப்பாட்டைப் போட்டு வளர்த்தார். மரவள்ளிக் கிழங்கை நம்பிய திருவிதாங்கூர் ஏழைகளின் சாப்பாட்டைத் தின்ற எலிகளுக்கு வயிற்றில் புண் வந்தது. ஆக, காரணம் சாப்பாட்டில் இருக்கிறது என்பதற்கு அறிவியலின் ஆதரவும் இருந்தது. அரிசி, கிழங்கு, புளி, மிளகாய், சத்துக்குறைவு. ஆயா ஒன்றும் தனியாக இல்லை.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியலாளர் 1979இல் இரைப்பைத் திசுக்களில் சுருள் வடிவ பாக்டீரியாவைக் கவனித்தார். அமிலத்தில் எதுவும் பிழைக்காது என்பதுதான் அப்போதைய பாடம். பேரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்தார். ஆய்வகத்தில் அதை வளர்க்க எத்தனையோ முறை முயன்றும் வளரவில்லை. 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகளை வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் அப்படியே விட்டுப்போனதில் வளர்ந்துவிட்டது. யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கலக்கித் தானே குடித்தார். சில நாட்களில் அவருக்கு இரைப்பை அழற்சி வந்தது. 2005இல் இருவருக்கும் நோபல். ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமியும், வலி மாத்திரைகளும்தான் இந்தப் புண்களுக்குப் பெரும்பாலும் காரணம். சிகரெட் ஆறவிடாது. மிளகாய் ஏற்கெனவே இருக்கிற புண்ணை எரிய வைக்கலாம், அவ்வளவுதான்.

இதையெல்லாம்விட என்னை நிறுத்தியது ஒரு சாதாரண வரி. இந்தக் கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, நெருக்கமான வீடுகளில், தொற்றிக்கொள்கிறது. அப்படியென்றால், அப்பா அம்மாவைப் பார்ப்பதற்கு இருபது வருஷத்துக்கு முன்பே அது அவர் வயிற்றில் குடிவந்திருக்க வேண்டும். அநேகமாக ஆயா வீட்டில்.

1987இல் அந்த டாக்டர் சொன்னதில் வஞ்சகம் எதுவும் இல்லை. அன்றைக்கு எல்லோரும் சொன்னதைத்தான் சொன்னார். செய்தி பெர்த்திலிருந்து மண்ணூர்பேட்டை வந்து சேர அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருஷம் ஆனது, அதுவும் விளக்கம் இல்லாமல் மாத்திரையாக மட்டும்.

*

மாமா கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். புண் புரிகிறது, இந்தப் புள்ளிகள் என்ன, ரத்தமா என்று கேட்டேன்.

மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். சிரித்துவிட்டார்.

"இது உங்க அப்பா வயிறு இல்ல தம்பி. எங்க டியூபு."

"புரியல மாமா."

"டியூபை மடக்கி மடக்கி உள்ள விடறோம் இல்ல, கண்ணாடி நூலு ஒண்ணு ரெண்டு ஒடஞ்சிக்கிட்டே வரும். ஒடஞ்ச நூல்ல வெளிச்சம் வராது. அங்க ஒரு கறுப்புப் புள்ளி. புது டியூபுல ஒண்ணும் இருக்காது. எங்களுது பழசு."

நம்பாமல் கேட்டதாக நினைத்தாரோ என்னவோ, உள்ளே போய் ஒரு பழைய கான்டாக்ட் ஷீட்டைக் கொண்டுவந்தார். சோதனைக்காகப் போட்டது, பெயரோ எண்ணோ எதுவும் இல்லாத படங்கள். ஸ்டாம்பைவிடச் சின்ன வட்டங்கள் வரிசை வரிசையாக. யார் யாருடைய வயிறுகளோ. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். முதல் வட்டத்தில் ஒரு மடிப்பு, அடுத்ததில் வேறு ஏதோ குகை மாதிரி. ஆனால் எல்லாவற்றிலும் கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் திசையில் ஒட்டியபடி மூன்று புள்ளிகள். நடுவில் ஒன்று. கீழே இடப்பக்கம் சங்கிலியாக நான்கு. எண்ணினேன். பதினான்கு. அதில் பதினொன்று அப்பாவுடைய படத்தில் இருக்கும் அதே இடங்களில்.

"இது எப்ப எடுத்தது?"

"அதுக்கு அடுத்த வருஷமா இருக்கும்."

ஒரு வருஷத்தில் இன்னும் மூன்று இழை உடைந்திருக்கிறது. சர்வரில் பிழை வந்தால், அது ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் வருகிறதா, எல்லோருக்கும் வருகிறதா என்றுதான் நாங்கள் முதலில் பார்ப்போம். எல்லோருக்கும் வந்தால் கோளாறு நம் பக்கம். பதினைந்து நிமிஷ வேலை. முப்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் அதைச் செய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை, நான் உட்பட.

ஆயா சொன்னதை மாமாவிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"நான் ஆசையா போட்டுக் குடுத்தேன்டா. அந்தம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிட்ட. எதிர்வீட்டுலதானே இருந்தேன்."

சுருட்டி வைத்திருந்த பாயின் மேல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு கேமராவைப் பற்றி ஒன்று சொன்னார். மற்ற கேமராக்களில் பார்வைத்திரை பால்கண்ணாடி மாதிரி இருக்கும். ஃபோகஸ் தவறினால் மங்கலாகக் காட்டிக்கொடுக்கும். எண்டோஸ்கோப்பில் வெளிச்சம் போதாது என்பதால் இதில் வெறும் கண்ணாடி போட்டிருக்கிறது. கண் தானாகச் சரிசெய்துகொள்ளும், அதனால் எப்போது பார்த்தாலும் தெளிவாகவே இருக்கும்.

"அத நம்பி எடுத்தா அவ்ளோதான். தப்புன்னு அது சொல்லவே சொல்லாது. கழுவினப்புறம்தான் தெரியும்."

*

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் யோசித்தேன். கிருமி, பெர்த், நோபல் எல்லாம் சொல்லி ஒரு வகுப்பு எடுக்கப் போகிறேனா? இத்தனை வருஷம் கழித்து உனக்கு விடுதலை என்று அறிவிக்க நான் யார்? சொல்லாமலே விட்டுவிடலாமா என்றும் தோன்றியது. ஆயா இல்லை, அப்பா இல்லை. தீர்ப்பு வாங்கி யாரிடம் காட்டுவது?

கடைசியில் ஒரு சாயங்காலம், அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து படத்தையும், மாமாவிடம் கேட்டு வாங்கி வந்த கான்டாக்ட் ஷீட்டையும், பூதக்கண்ணாடியையும் தரையில் வைத்தேன். புள்ளிகளை மட்டும் காட்டினேன். இவருக்கும் இதே இடம். இவருக்கும். இந்தம்மாவுக்கும்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியை வாங்கினாள். அவளாகவே எண்ணினாள். அவசரப்படவில்லை.

"அப்போ டியூப்ல கோளாறா?"

"ஆமாம்மா."

"மொளகா இல்ல."

"மிளகாய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. புண்ணுக்கே சம்பந்தமில்ல. கிருமி. உன்னைக் கட்டறதுக்கு முன்னாடியே இருந்திருக்கும். அந்தப் பதினாலு நாள் மாத்திரையிலதான் போச்சு."

அம்மா கீரைக் காம்பு ஒன்றை எடுத்து உருவினாள். அழவில்லை. சந்தோஷப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "99லயே போச்சா?" என்று கேட்டாள்.

"ம்."

"அப்போ அப்புறம் பதினெட்டு வருஷம் அந்த மனுஷனுக்குச் சப்புன்னு ஆக்கிப் போட்டேனே. மாவடுன்னா உசுரு அவருக்கு. ஒரு மாவடுகூடத் தொட விடல."

நான் எதிர்பார்த்த இடத்தில் அவள் நிற்கவில்லை. தன் மேல் விழுந்த பழி போனதைப் பற்றி அவள் பேசவே இல்லை.

படத்தை மறுபடி கையில் எடுத்தாள். விளக்குப் பக்கம் சாய்த்தாள்.

"சரி, இதெல்லாம் டியூப்னா, புண்ணு எங்க?"

அப்போதுதான் உறைத்தது. ஆயா புள்ளிகளை எண்ணினாள். அம்மா புள்ளிகளைப் பார்த்தாள். நானும் சின்ன வயதிலிருந்து புள்ளிகளைத்தான் பார்த்து வந்திருக்கிறேன். புண்ணை யாருமே பார்த்ததில்லை. வட்டத்தின் கீழ்ப்பக்கம் வலது ஓரத்தில், இரண்டு மடிப்புகளுக்கு நடுவே, வெளிறிய சின்னத் திட்டு ஒன்றை விரலால் காட்டினேன்.

அம்மா பூதக்கண்ணாடியை நகர்த்திக் கொண்டுவந்து அதன் மேல் நிறுத்தினாள்.

"இதுவா?"

"இதுதான்."

"இத்துனூண்டா" என்றாள். "இதுக்கா ரெண்டு சட்டி வெச்சேன்."

படத்தை அவளே மஞ்சள் பையில் போட்டுக் கட்டினாள். கான்டாக்ட் ஷீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னாள். மற்றவர்கள் வயிறு நம் வீட்டில் எதற்கு என்றாள். மாமா கிளம்பிய அன்று காலை வண்டி நிற்கும்போது, வழிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தாள். புளிசாதமும், ஒரு சின்ன பாட்டிலில் மாவடுவும். "காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும்ணே" என்று சொன்னாள்.